சித்தப்பாவும் பழ ஈயும்

போன மே மாசம் சுரண்டை போயிருந்தேன். சித்தப்பா தோப்புல ஒரு மாம்பழத்தைக் கடிக்கப் போனா, "ஏல, அறுத்துப் பாத்துத் தின்னு"ன்னார். வெளியே சின்னப் புள்ளிதான். உள்ளே நெளியுது!

பழ ஈ. முத்துன காயைத் துளைச்சு முட்டை வச்சிடும். "வாரம் ஒருக்க மருந்து அடிச்சேன், கேக்கலை"ன்னு புலம்பினார். புழு உள்ளே போனப்புறம் மருந்து எங்கே படும்? இந்த ஈயாலதான் ஜப்பான் 1986-லேர்ந்து 2006 வரைக்கும் நம்ம நாட்டு மாம்பழத்தையே வாங்கலை.

மெத்தில் யூஜினால் பொறி வாங்கிக் கட்டுனோம். ரெண்டே நாள்ல டப்பா நிறைய ஈ. சித்தப்பாவுக்கு ஒரே குஷி. எனக்கும்தான், அதுல விழுறது ஆண் ஈ மட்டும்னு படிக்கிற வரைக்கும் :-) தப்பிக்கிற கொஞ்சம் ஆண் ஈயே போதுமாம், வம்சம் வளர.

நிஜ வில்லன் மரத்தடியில கிடக்கிற அழுகல் பழம். அதுலேர்ந்து வர்ற புழு மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயா கிளம்பும். பொறுக்கி, ஆழமா குழி வெட்டிப் புதைக்கணும்னேன்.

"பழம் பறிக்கவே ஆள் இல்லல. அழுகினதைப் பொறுக்க யாரு வருவா?"

நாங்க ரெண்டு பேருமே பொறுக்கினோம். மூணு சாக்கு. இடுப்பு கழண்டு போச்சு. நிமிந்து பாத்தா, வேலிக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு விட்ட பக்கத்துத் தோப்பு. மரத்தடி பூரா மஞ்சளா உதிர்ந்து கிடக்கு.