ஆக்குவோன் எழுதிய பத்தி

வீடியோ விளையாட்டுக்களைப் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதுதல் பயனுடைய முயற்சியாகுமா என்னும் ஐயம் கற்றோரிடையே இன்றும் நிலவுகின்றது. விளையாட்டு ஓய்வுப் பொழுதுக்குரியது. அதனைப் பற்றிய எழுத்தும் அத்தகையதே என்பது பொதுவான எண்ணம். யப்பானிய விளையாட்டு ஆக்குநரான மசகிரோ சகுராய் எழுதிவந்த பத்தியை நோக்குமிடத்து, இவ்வெண்ணம் மீளாய்வுக்குரியதாகின்றது.

1970 இற் பிறந்த சகுராய், ஹால் லபோரட்டரி என்னும் நிறுவனத்திற் பணியாற்றியவர். புதியவரும் எளிதில் ஆடத்தக்கதாக அவர் உருவாக்கிய 'கேர்பி' 1992 இல் வெளிவந்தது. 2003 இல் அவர் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே 'பமிற்சு' என்னும் வாரச் சஞ்சிகையிற் பத்தி எழுதத் தொடங்கினார். 2021 ஒக்ரோபரில் அது நிறைவுற்றபோது பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. எழுதப்பட்டவை 600 இற்கு மேற்பட்டவை. அவை நூல்களாகவும் தொகுக்கப்பட்டன.

தாம் ஆக்கியவற்றை மட்டுமன்றி, தாம் ஆடியவற்றையும் அவர் எழுதினார். ஒரு விளையாட்டு ஏன் சுவைக்கின்றது என்பதே அவரது அடிப்படை வினா. ஆபத்தும் பயனும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலே சுவைக்குக் காரணம் என்பது அவர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கொள்கை. 1978 இல் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடேர்ஸ்' இதற்குத் தக்க சான்று. அதில் எதிரிகள் கீழிறங்கி நெருங்குந்தோறும் ஆபத்து மிகுகின்றது. ஆயினும், எய்த குண்டு மறையுமுன் அடுத்ததை எய்ய இயலாத அவ்விளையாட்டில், அண்மையிலுள்ள எதிரியைக் குண்டு விரைவிற் சென்றடைவதால் மீண்டும் விரைந்து எய்யலாம். ஆடுவோன் உணர்வால் அறிந்ததை இக்கொள்கை அறிவுக்குரியதாக்குகின்றது.

இத்தகைய எழுத்துக்கு மறுப்பும் உண்டு. தொழிலுக்குள் இருப்பவன் பிறர் ஆக்கங்களை முழுச் சுதந்திரத்துடன் மதிப்பிட இயலாது. வெளியிடப்படாதவை பற்றி வாய் திறக்கவும் இயலாது. ஆகவே இதனை விமரிசனம் எனக் கொள்ளலாகாது என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், ஆக்கத்தின் காரணங்களை ஆக்கியவனே நன்கறிவான். அவன் எழுதாவிடின் அவ்வறிவு அவனுடனேயே அழிந்துவிடும். கருவிகள் பழுதடைகின்றன, விளையாட்டுக்கள் விற்பனையிலிருந்து மறைகின்றன. எஞ்சி நிற்கக்கூடியது எழுத்தே.

அவ்வெழுத்து இலகுவிற் கிடைத்ததன்று. 2013 இல் சகுராயின் வலக்கை நோயுற்றது; அதனையும் அவர் பத்தியிற் கூறினார். 2015 யூலையில் சற்றொரு இவாற்றா காலமானார். 'சுப்பர் ஸ்மாஷ் புறோஸ்' விளையாட்டின் முதன் மாதிரிக்கு நிரலெழுதிய அவரைப் பற்றியும் சகுராய் அப்பத்தியிலேயே எழுதினார். தொழில்நுட்பக் குறிப்பாகவும் கொள்ளத்தக்க பத்தி, ஒரு மனிதனின் நட்பையும் உடல் நோவையும் இழப்பையும் தாங்கிய பதிவாக வளர்ந்தது. திட்டமிட்டு எழுதப்படும் வரலாற்று நூல்களில் இவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பத்தி முடிவுற்ற பின்னரும் 2022 முதல் 2024 வரை விளையாட்டு ஆக்கம் பற்றிய காணொளிகளை அவர் வெளியிட்டார். கற்பிக்கும் நோக்கமே அவற்றில் மேலோங்கி நின்றது. பத்தியில் எழுதியவை தனித்தனியே சிறியவையாயினும், சேர்த்து நோக்கும்போது ஓர் இளங் கலைத்துறையின் சிந்தனை வரலாறாகின்றன. இதனைப் படிப்புக்குரியதாக ஏற்பதா என்பதைப் பல்கலைக்கழகங்கள் இனியேனும் ஆராய்தல் வேண்டும்.