மவுஸைக் கொஞ்சம் ஓரமா வைங்க

"பார்வையில்லாதவங்க நம்ம சைட்டை எப்படிப் படிப்பாங்க?" எந்த ப்ராஜெக்ட்லயும் இந்தக் கேள்வி ரிலீஸுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் வரும். பதிலும் ரெடியா இருக்கும்: "டைம் இல்லை, பட்ஜெட் இல்லை, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

இதே பதிலை ஒலிம்பிக் நடத்தினவங்களும் சொல்லியிருக்காங்க. ப்ரூஸ் மக்வயர்ங்கிற பார்வையற்ற ஆஸ்திரேலியர், சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைத் தன்னால பயன்படுத்த முடியலைன்னு 1999ல அங்கே மனித உரிமை ஆணையத்துல புகார் கொடுத்தார். அவர்கிட்ட இருந்தது பிரெய்ல் டிஸ்ப்ளே. எழுத்தை, விரலால தடவிப் படிக்கிற புள்ளிகளா அது மாத்தும், படத்தை மாத்தாது. அவர் கேட்டதும் பெருசா ஒண்ணுமில்லை. படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துல என்ன இருக்குன்னு ஒரு வரி, அவ்வளவுதான்), விளையாட்டுகளோட பட்டியலுக்குப் போக ஒரு வழி, முடிவு அட்டவணைகள் படிக்கிற மாதிரி இருக்கணும்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், 20 லட்சம் டாலர் செலவாகும்னாங்க அமைப்பாளர்கள். நிபுணர்களோட சாட்சியத்தைக் கேட்ட ஆணையம் அதை ஏத்துக்கலை. 2000 ஆகஸ்ட்ல தீர்ப்பு மக்வயர் பக்கம். அப்பவும் முழுசா சரிபண்ணாததால 20,000 டாலர் நஷ்டஈடு. ஆனா அதுக்குள்ள ஒலிம்பிக்கே முடிஞ்சு போச்சு!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2006ல ஆரம்பிச்ச என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் இலவசம். தமிழையும் வாசிச்சுக் காட்டும். ஆனா அதுக்கு எழுத்து எழுத்தா இருக்கணுமே? அறிவிப்பை போஸ்டரா டிசைன் பண்ணிப் படமா போட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல தட்டின பிடிஎஃப் இன்னும் கொடுமை. கண்ணுக்குத் தெரியுறது 'அம்மா'. உள்ளே இருக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். உள்ளே இருக்கிறதைத்தானே அது வாசிக்கும்?

அப்புறம் நம்ம எல்லாருக்கும் பிடிச்ச 'இங்கே சொடுக்கவும்' :-) ஸ்கிரீன் ரீடர்ல சுட்டிகளை மட்டும் தனியா பட்டியல் போட்டுக் கேக்கலாம். அப்படிக் கேக்கறவருக்கு வர்றது: இங்கே, இங்கே, இங்கே. எங்கேய்யா? 'தேர்வு முடிவுகள்'னு அந்த வார்த்தையிலயே சுட்டி கொடுத்தா வேலை முடிஞ்சது. காசும் ஆகாது.

ஒரு சின்ன டெஸ்ட். மவுஸைத் தொடாம, டேப், என்டர் கீயை வெச்சு உங்க சைட்ல ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்க. நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டா, அதே இடத்துல ஏற்கனவே யாரோ மாட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க. புகார் கொடுக்கற படிவமே அதுதான்னா, அவங்க எப்படி நமக்குச் சொல்லுவாங்க?