மேடை யாருக்கு?

கலை மக்களுக்கே என்பது நம் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம். பாடுபவன் எந்த வர்க்கத்தவன், அவன் பாடுபொருள் யாது என்பன பற்றியெல்லாம் ஓயாது விவாதிக்கிறோம். ஆனால் அவன் நின்று பாடும் கூடம் யாருடையது, அதன் வாடகையைச் செலுத்துபவர் யார், வாயிலில் நிற்பவர் யாரை உள்ளே விடுகிறார் என்னும் வினாக்கள் நம்மிடையே அரிதாகவே எழுகின்றன. அமெரிக்காவின் சியாற்றில் நகரிலோ இவ்வினாக்களை முன்வைத்துப் பதினேழு ஆண்டுகள் ஒரு போராட்டமே நடந்தது.

அதற்கு முன்னர் ஒரு பொருளியல் உண்மையை மனங்கொள்ளுதல் வேண்டும். அந்நாட்டின் சிறிய இசைக்கூடங்கள் நுழைவுச் சீட்டை மட்டும் நம்பிப் பிழைப்பவை அல்ல. பாடுவோருக்கும் ஒலியமைப்புக்கும் கொடுத்தது போக எஞ்சும் சீட்டுப் பணம் வாடகைக்கே போதாது. மது விற்பனைதான் அவற்றைத் தாங்கி நிற்கிறது. 21 வயது நிரம்பாதவருக்கு அங்கே மது விற்கலாகாது. எனவே இளையோரை வாயிலிலேயே தடுத்துவிடுவது கூடத்தின் உடைமையாளருக்கு ஆதாயம். எல்லா வயதினருக்கும் திறந்த கூடம் என்றால், அது பெரும்பாலும் மதுவின் வருவாயைத் துறந்த கூடம் என்றே பொருள்.

சியாற்றிலில் இந்த ஆதாயக் கணக்குக்குச் சட்டமும் துணை வந்தது. ஒரு நடனக்கூடத்தில் சிறார்களுக்குத் தீங்கு நேர்ந்ததாக எழுந்த குற்றச்சாட்டுகளை அடுத்து, 1985 இல் நகரசபை இளைஞர் நடனங்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. 15 வயதுக்குக் குறைந்தோரும் 20 வயதைக் கடந்தோரும், பெற்றோர் முதலிய சில விலக்குகள் நீங்கலாக, உள்ளே வரலாகாது. நடத்துபவர் 10 இலட்சம் டொலருக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். கடமை நேரம் முடிந்த பொலிசார் இருவரைக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும். சட்டம் எவரையும் பாடாதே என்று கூறவில்லை என்பதைக் கவனிக்குக. தடை என்ற சொல்லே அதில் வேண்டியிருக்கவில்லை. பையில் பணமில்லாதவனுக்கு நிபந்தனையே தடையாகிவிடுகிறது. அதிகாரத்தின் இந்தச் சாதுரியம் நமக்கும் அறிமுகமானதே.

இதிலுள்ள முரண் சுவையானது. 1991 இல் நிர்வாணா முதலிய குழுக்களால் அந்நகரின் இசை உலகெங்கும் விலைபோயிற்று. அவ்விசையைத் தம் குரலென ஏற்ற பதினாறு வயதினர், அது பிறந்த நகரில் அதை நேரிற் கேட்க இடமின்றி நின்றனர். இசைத்தட்டை வாங்கலாம், கூடத்துக்குள் நுழைய முடியாது. நுகர்வோனாக இரு, பங்காளனாகாதே என்பதுதான் வணிகக் கலையின் கட்டளை.

ஆயினும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. நிர்வாணாவின் கிறிஸ்ற் நொவொசெலிக் உள்ளிட்ட கலைஞர்களும் இளைஞர்களும் அணிதிரண்டனர். 2000 ஆம் ஆண்டு நகரசபை நிறைவேற்றிய மாற்றுச் சட்டத்தை நகர முதல்வர் போல் ஷெல் தமது அதிகாரத்தால் நிராகரித்தார். 2002 இல்தான் பழைய சட்டம் ஒழிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் தொண்டர்கள் நடத்தும் வேரா என்னும் கூடத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வேரா திட்டம் என்ற அமைப்பு சியாற்றிலில் தொடங்கியிருந்தது.

என் தமக்கையின் மகள் அந்நகரில் வளர்பவள், வயது பதினேழு. சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது அந்த வேராவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினாள்.

“கதவடியில சீட்டுப் பாக்கிறதும் நாங்கள்தான், சவுண்ட் பாக்கிறதும் நாங்கள்தான் மாமா. பெரியாக்களும் வருவினம், ஆனா எங்களைச் சின்னப்பிள்ளையள் எண்டு ஒதுக்கேலாது,” என்றாள். சற்றுக் கழித்து, “உங்கட பள்ளிக்கூட மண்டபம் ஏன் பின்னேரத்தில பூட்டிக் கிடக்குது?” என்று கேட்டாள்.

கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் கில்மன் வீதிக் கூடம் 1986 டிசம்பர் 31 அன்று தொடங்கியது. மதுவும் வன்முறையும் இனவாதமும் அங்கே விலக்கப்பட்டன. வேலை முழுவதும் தொண்டர்களுடையது. பெரு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு மேடை இல்லை என்பதும் அதன் விதியாக இருந்தது. அங்கே வளர்ந்த கிறீன் டே என்னும் குழு அவ்வாறு ஒப்பந்தமாகிப் பெரும்புகழ் பெற்றது. விதியின்படி அதற்கும் கதவு அடைபட்டது. 2015 இல், தீ விபத்துக்குள்ளான ஓர் இடதுசாரிப் பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்டவே அவர்கள் மீண்டும் அம்மேடையேறினர். விதி சற்றுக் கடுமையானது என்போர் உளர். எனக்கோ அந்தக் கடுமை பிடித்திருக்கிறது.

எனினும் ஒழுங்குவிதிகள் அனைத்தையும் சூழ்ச்சியென்று தள்ளிவிடல் ஆகாது. 2016 டிசம்பர் 2 ஆம் திகதி, அயல்நகரான ஓக்லண்டில், கலைஞர்கள் குடியிருந்த ஒரு பண்டகசாலையில் இசைநிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கையில் தீ மூண்டு 36 பேர் மாண்டனர். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் அங்கே இருக்கவில்லை. ஏறிய வாடகையே பலரை அத்தகைய இடங்களுக்குத் துரத்தியிருந்தது. தக்க வாயில்களும் நீர்த்தெளிப்பானும் வேண்டும்தான். அவற்றின் செலவை இருபது வயது இளைஞன் தலையிற் சுமத்திவிட்டு, இயலாதாயின் இழுத்து மூடு என்பது பாதுகாப்பாகாது.

மருமகள் திரும்பிச் சென்றபின் அதிபரிடம் மண்டபத்தைக் கேட்டேன். எம் உயர்வகுப்பு மாணவர் அறுவர், ஒரு கிற்றாரும் இரு மிருதங்கமுமாக, ஒருவன் வீட்டு விறாந்தையிற் பயின்றுவருகின்றனர். அயலவரின் முறைப்பாடு நாளுக்கு நாள் கூடுகிறது. அதிபர் மறுக்கவில்லை. முற்பணம், ஆசிரியர் ஒருவரின் பொறுப்புக் கடிதம், இரவுக் காவலாளிக்கு மேலதிகக் கூலி, இம்மூன்றும் வேண்டும் என்றார். கடிதத்தில் நான் கையொப்பமிட்டுவிட்டேன். முற்பணத்தில் பாதியைப் பிள்ளைகள் சேர்த்துள்ளனர். காவலாளியின் கூலி பற்றிப் பழைய மாணவர் சங்கத்துடன் அடுத்த கிழமை பேச வேண்டும்.