நாடா நகராத துப்பாக்கி

புதுத் துப்பாக்கிதான். அக்கா மகனுக்காகச் சிவகாசி பஜாரில் வாங்கிய ரோல் கேப் துப்பாக்கி. முதல் சுருளைப் போட்டதும் டப், டப் என்று இரண்டு வெடித்தது. மூன்றாவது வெறும் ‘டிக்’. நாலாவதும் டிக். அதற்குள் வெடித்த நாடா மேலே வராமல் சுத்தியலுக்கு அடியில் கசங்கி அடைத்துக்கொண்டது. பையன் அலட்டிக்கொள்ளவில்லை. சுருளை உருவி எடுத்து, வாசல்படியில் வைத்துக் கல்லால் தட்டத் தொடங்கிவிட்டான். விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பட்டாசுக்குப் பேர்போன ஊரில் விற்கிற துப்பாக்கியும் சுருளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு எதில்?

மதுரையில் பிஸ்டல் சுடப் பழகும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்ததில் ஆரம்பித்த ஆசை. பொம்மைத் துப்பாக்கிக்கு அவரிடம் யோசனை கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “புது .22 பிஸ்டலிலும் இதே தொல்லைதான். தோட்டா ஏறாது, ஏறினால் காலிக்கூடு வெளியே வராது” என்றார். அப்போது பார்க்க வேண்டிய வரிசை ஒன்று உண்டாம். முதலில் தோட்டாவை மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து தோட்டாக்களை அடுக்கும் மேகசின். துப்பாக்கியைக் குற்றம் சொல்வது கடைசியில்.

அவர் சொன்ன காரணம் பிடித்திருந்தது. தானாக ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் எல்லா வேலையையும் செய்வது தோட்டாவின் உதைதான். அந்த உதையில் மேல்பாகம் பின்னால் போகிறது, காலிக்கூட்டை இழுத்து எறிகிறது, திரும்பி வரும் வழியில் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. புதுத் துப்பாக்கியில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். தோட்டா வீரியம் குறைந்ததாக இருந்தால் மேல்பாகம் பாதி வழியிலேயே திரும்பிவிடும், கூடு சிக்கிக்கொள்ளும். .22க்கென்றே இன்னொரு வம்பும் உண்டு. அதன் அடிப்பகுதியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டுமே நகராது.

பொம்மையில் உதை கிடையாது. பையனின் விரல்தான் எல்லாம். ஆனாலும் வரிசையைக் கொஞ்சம் மாற்றி, துப்பாக்கியிலிருந்தே தொடங்கினேன். அதுதான் கையில் இருந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளே ஆச்சரியப்படும்படி எதுவும் இல்லை: ஒரு சுத்தியல், ஒரு ஸ்பிரிங், சுருளை மாட்டும் முளை, தகட்டில் வெட்டிய ஒரு நாக்கு. விசையை இழுத்தால் சுத்தியல் பின்னால் போகிறது. கூடவே அந்த நாக்கு நாடாவைப் பற்றி மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே அளவு தூரம், கூடாது, குறையாது. நாடா மேலேறும் பாதையில் வார்ப்பின் பிசிறு ஒன்று நின்றது. அதைச் சீவி எடுத்ததும் கசங்குவது பெருமளவு நின்றுபோனது. ‘டிக்’ மட்டும் போகவில்லை.

அடுத்தது சுருள். “துப்பாக்கியைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி. நீங்க வாங்கினது போன வருஷச் சரக்கா இருக்கும்” என்றார் கடை அண்ணாச்சி, அதை விற்றவர் வேறு யாரோ போல. நாடாவை மேசையில் நீட்டி ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மருந்துப் பொட்டுக்குப் பொட்டு இடைவெளி சமமாக இல்லை. ஒன்றிரண்டு இடங்களில் பொட்டு ஓரத்துக்கே ஒதுங்கியிருந்தது. நாக்கு தள்ளும் தூரம் மாறாது, பொட்டின் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து கடைசியில் சுத்தியல் வெறும் காகிதத்தில் விழுகிறது. சினிமா பிலிமுக்கு ஓரத்தில் துளைகள் உண்டு, பல்சக்கரம் பிடித்து இழுக்கும். கேப் நாடாவுக்கு அப்படி எந்தப் பிடிப்பும் இல்லை.

முன்பு கேப் வேலை பார்த்த திருத்தங்கல் அம்மா ஒருவர் இதைக் கேட்டதும், “மருந்து ஈரமா இருக்கும்போதே பொட்டு வச்சு, மேல் காகிதம் ஒட்டிரணும். அந்த அவசரத்துல ஸ்கேலா வச்சுப் பாப்பாங்க?” என்றார். காய்ந்துவிட்டால் அந்த மருந்தின் பக்கம் போகக் கூடாது; உரசினாலே பற்றும் என்றும் சொன்னார்.

அந்த மருந்து என்ன என்று பார்க்கப் போனதில்தான் தேடல் சிவகாசியின் பூர்வகதைக்குள் போனது. கேப்பில் இருப்பவை முக்கியமாகப் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும். இரண்டும் எந்தத் தீப்பெட்டியிலும் இருப்பவைதான். குச்சியின் தலையில் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்ததுதான் 1850களில் ஸ்வீடனின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த பாதுகாப்புத் தீக்குச்சியின் சூட்சுமம். கேப்பில் அந்தப் பிரிவினை இல்லை. இரண்டும் ஒரே பொட்டுக்குள் கிடக்கின்றன. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை குறைந்த இந்தக் கரிசல் பூமி அதற்குத் தோதாக இருந்தது. தீப்பெட்டி செய்த ஊர் பிறகு பட்டாசுக்குப் போனது. தீப்பெட்டி, பட்டாசு என்ற அந்தக் குடும்பத்தில் பார்த்தால், தீப்பெட்டிக்கு மிக நெருங்கிய சொந்தம் கேப்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசுக்கும் இது தெரிந்திருக்கிறது. கந்தகத்தோடு குளோரேட் சேர்ந்த வெடிமருந்துகளை 1992 ஜனவரியில் மத்திய அரசு தடை செய்தபோது சில விலக்குகள் கொடுத்தது. அவற்றில் ஒன்று தீக்குச்சித் தலை. இன்னொன்று பொம்மைத் துப்பாக்கியின் காகிதக் கேப்.

சரி, வெடிக்கும் பொட்டை நாடாவில் ஒட்டி, அதை எந்திரமே தள்ளும்படி செய்யலாம் என்று முதலில் யோசித்தது யார்? பொம்மைக்காரர் இல்லை. வாஷிங்டனில் பல் வைத்தியம் பார்த்த எட்வர்ட் மேனார்ட். அவருக்கு முன்பு ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், கல்துப்பாக்கியின் பொறியைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்ற எரிச்சலில், அடித்தால் வெடிக்கும் மருந்தால் துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றிருந்தார். பிறகு அந்த மருந்து சின்னச் செப்புத் தொப்பிக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் தொப்பியை விரலால் எடுத்து மாட்ட வேண்டும். சண்டை நடுவில், குளிரில், அது லேசான வேலையில்லை. மேனார்ட் 1845இல் அதற்கு மாற்றாக, இரண்டு காகிதங்களுக்கு நடுவில் மருந்துப் பொட்டுகளை வைத்துச் சுருட்டினார். சுத்தியலை இழுத்தால் நாடா நகரும். அடிக்கும்போது சுத்தியலின் விளிம்பே பழைய நாடாவை வெட்டிவிடும். என் கையிலிருந்த பொம்மையில் இல்லாதது அந்த வெட்டு விளிம்பு ஒன்றுதான்.

அதே 1845ஐ ஒட்டித்தான் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் அதே செப்புத் தொப்பியின் வாயில் ஒரு குண்டைச் செருகி, வரவேற்பறையில் சுடுவதற்கான துப்பாக்கியைச் செய்தார். விளிம்பில் அடித்துச் சுடும் தோட்டாக்களின் மூதாதை அது. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .22 அந்த வழியில் வந்ததுதான். ஆக, நண்பரின் பிஸ்டலும் பையனின் பொம்மையும் பங்காளிகள். ஒன்று செப்போடு போனது, இன்னொன்று காகிதத்தோடு.

காகிதத்தை நம்பிய அமெரிக்க ராணுவம் 1855 மாடல் துப்பாக்கியில் மேனார்டின் நாடாவைச் சேர்த்தது. வார்னிஷ் பூசியும் மழையில் நாடா நமுத்தது, களத்தில் சரியாக நகரவில்லை. 1861 மாடலில் நாடாவைக் கைவிட்டுப் பழையபடி தொப்பிக்கே திரும்பினார்கள். பிறகு அந்த யோசனை வார்ப்பிரும்புப் பொம்மைகளில் பிழைத்துக்கொண்டது. ஒரு ராணுவம் வேண்டாமென்று தள்ளிய கோளாறுக்கு நான் சிவகாசி பஜாரில் காசு கொடுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நமக்குத் தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழையில். ஈரக்காற்றுப் பட்டால் சிவப்பு பாஸ்பரஸ் மெல்ல மெல்ல அமிலமாக மாறும். அந்த அமிலம் மேலும் ஈரத்தை இழுக்கும், பொட்டு ஊறி வீரியம் இழக்கும். பழைய சுருளில் சுத்தியல் சரியாகப் பொட்டின் மேல் விழுந்தும் வெடிக்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

காகிதம் செய்கிற இந்த இரண்டு கோளாறையும் ரிங் கேப் பெருமளவு தீர்த்துவிட்டது. பிளாஸ்டிக் வளையத்தில் எட்டுக் கிண்ணங்கள், இடைவெளி அச்சிலேயே தீர்மானமாகிவிடுகிறது, நகர்த்துவது ரிவால்வர் உருளை. விலை கூட. அதனால் ரோலும் போகவில்லை. ரோல்தான் வேண்டும் என்பவர்கள் நாடாவைக் கொஞ்சம் உருவி, வெளிச்சத்தில் பிடித்து, பொட்டுகள் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வெடித்து முடித்ததும் சுத்தியலை முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய் அப்புறம்தான். குளோரேட் எரிந்து மிஞ்சுவது ஒருவகை உப்பு. எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும், அப்படியே விட்டால் இரும்பைத் துருவாக்கும். குளோரேட் மருந்துத் தோட்டா போட்ட .303 ரைஃபிள்களைச் சிப்பாய்கள் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் இதே உப்புக்காகத்தான்.