உறை சொல்லும் கதை

இளமையில் யாதேனும் ஒன்றைச் சேர்த்து வைக்கும் விருப்பம் பலர்க்கும் இயல்பாக உண்டு. சிலர் கிளிஞ்சல் சேர்ப்பர். சிலர் பழங்காசு சேர்ப்பர். எனக்கு வாய்த்தது அஞ்சல்தலை சேர்க்கும் பழக்கம்.

எங்கள் ஊர் குயிலாப்பாளையம். புதுச்சேரிக்கு அணித்தாக, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த செம்மண் சிற்றூர் அது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அதன் அருகே ஆரோவில் நகரின் தொடக்க விழா நடைபெற்றது. பின்னர்ப் பல நாட்டினர் அங்கு வந்து குடியேறினர். அவர்களுக்கு விமான அஞ்சலில் வரும் கடிதங்களின் உறைகள், ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடிட்டு அழகாக விளங்கும். கேட்டால் மகிழ்ந்து கொடுப்பர். நான் உறையை நீரில் ஊறவைத்து, அஞ்சல்தலையைப் பிரித்தெடுத்து, உலர்த்திக் குறிப்பேட்டில் ஒட்டுவேன். எஞ்சிய தாளை அடுப்பில் இடுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அண்டை வீட்டில் ஒரு மூதாட்டி வாழ்ந்துவந்தார். ஆயா என்றே அவரை அழைப்பேன். அவருடைய ஒரே மகன், அந்நாளில் புதுச்சேரிப் பகுதியினர் பலர் சென்றதுபோல, பிழைப்பு நாடிச் சைகோன் நகருக்குச் சென்றவர். அவரிடமிருந்து கடிதம் வந்து ஈராண்டு ஆகியிருந்தது. கடைசியாக வந்த உறையின் அஞ்சல்தலையை நான் விரும்பிக் கேட்டேன்.

“எடுத்துக்கொள், தம்பி. எனக்குக் கடிதம் இருந்தால் போதும், உறை எதற்கு?” என்று ஆயா கொடுத்துவிட்டார். வழக்கம்போல் அதையும் நீரில் இட்டேன்.

சில திங்கள் கழிந்தன. மகனைப் பற்றி விசாரிக்க ஒரு மனு எழுதித் தரும்படி ஆயா எங்கள் ஆசிரியரை வேண்டினார். ஆசிரியர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். நலம் விசாரித்த சொற்களே அதில் இருந்தன. நாளும் இல்லை, முகவரியும் இல்லை.

“உறை எங்கே, அம்மா? முகவரி அதன் பின்புறம் இருக்குமே. முத்திரையில் நாளும் இருக்குமே!” என்றார் ஆசிரியர்.

நான் வீட்டிற்கு ஓடிக் குறிப்பேட்டைக் கொணர்ந்தேன். அஞ்சல்தலையில் முத்திரையின் ஓரம் மட்டுமே, அரைவட்டமாய்ப் படிந்திருந்தது. நாள் இருந்த பகுதி தாளோடு எரிந்துபோயிற்று. நான் அழுதேன். ஆயாவோ, “நீ என்ன கண்டாய், தம்பி? நானே அல்லவா கொடுத்தேன்!” என்று என் தலையைத் தடவினார். நாளும் முகவரியும் இன்றியே அம்மனு சென்றது. அவர் வாழ்ந்த வரையில் விடை வரவில்லை.

அன்று மாலை ஆசிரியர் என்னை அருகிருத்திக் கூறியவை இன்றும் நினைவில் உள்ளன. உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் நம் நாட்டில்தான் பறந்தது. ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி, ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். அதற்கெனத் தனி அஞ்சல்தலை வெளியிடப்படவில்லை. சாதாரண அஞ்சல்தலைகளையே ஒட்டி, விமானப் படம் பொறித்த முத்திரை ஒன்றைக் குத்தினர். அவ்வுறையிலிருந்து அஞ்சல்தலையைப் பிரித்துவிட்டால் வரலாறு எங்கே நிற்கும்?

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். நெவில் வின்சென்ட் அதனை அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுசென்றார். 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் விமானம் முதன்முறையாகப் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அதன் நினைவாக 12 அணா அஞ்சல்தலை வெளிவந்தது. அலகாபாத் நிகழ்ச்சியின் பொன்விழா நினைவாக 1961ஆம் ஆண்டு மூன்று அஞ்சல்தலைகள் வெளிவந்தன. இத்தகைய அஞ்சல்தலைகள் பலரிடம் இருக்கலாம். முதல் விமானத்திலேயே பறந்து வந்த உறைகளோ சிலவே. எந்நாளில், எவ்வூரிலிருந்து, யாருக்குச் சென்றது என்பதை அவ்வுறையே சான்றாக நின்று கூறும்.

அதன்பின் எந்த உறையையும் நான் நீரில் இட்டதில்லை. என் பெட்டியில் உள்ள உறைகள் யாவும் முழுமையாகவே உள்ளன. பழைய குறிப்பேட்டில் அந்தச் சைகோன் அஞ்சல்தலையும் இருக்கிறது. அதன் நிறம் இன்னும் மங்கவில்லை; ஆயினும், ஆயா அறிய விரும்பிய ஒன்றையும் அது சொல்வதில்லை.