கேட்போரும் களனும்

தில்லி சாணக்யபுரியில் சாந்தி பாதையின் இருபுறமும் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிற்கின்றன. 1950களில் இந்திய அரசு ஒதுக்கத் தொடங்கிய நிலத்தில் எழுந்த வளாகங்கள் அவை. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு அவற்றுக்குக் காவல். தூதரகத் தலைவரின் இசைவின்றி இந்தியக் காவலர் எவரும் உள்ளே நுழைய இயலாது. இதே தூதரகங்களுக்கு இன்று வேறு சில முகவரிகளும் உண்டு. எக்ஸ் என்று பெயர் மாறிவிட்ட ட்விட்டரிலும், முகநூலிலும், இன்ஸ்டகிராமிலும் அவை கணக்கு வைத்திருக்கின்றன. அந்த முகவரிகளுக்கு 22ஆம் பிரிவு செல்லாது. அங்கே நிலமும் பிறருடையது, சுவரும் பிறருடையது, கதவின் சாவியும் பிறர் கையில்.

ஒரு நாட்டின் பெயரையும் வணிகப் பொருளின் பெயரைப் போலவே ஆராயலாம் என்ற கருத்தை 1990களில் சைமன் ஆன்ஹோல்ட் முன்வைத்தார். 'நேஷன் பிராண்ட்' என்ற தொடர் அவர் வழியாகவே பரவியது. அந்த ஒப்புமையை ஏற்றுக்கொண்டால், பெயர் வளர்க்க எந்தச் சமூக ஊடகத்தைத் தேர்வது என்ற கேள்விக்குச் சாணக்யபுரியைவிடச் சிறந்த பாடசாலை கிடைப்பது அரிது. கூட்டம் மிகுந்த இடத்தில் கடை விரி என்பதே சந்தையில் வழங்கும் அறிவுரை. அது பாதி உண்மை.

மறுபாதியைச் சிந்திக்கத் தமிழ் மரபிலேயே சொற்கள் உள்ளன. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய 34 உறுப்புகளை எண்ணும்போது எழுத்து, அசை, அடி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதில்லை. கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றையும் உறுப்புகளாகவே கொள்கிறது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எவ்விடத்தில் என்பவை பேச்சுக்குப் புறம்பானவை அல்ல, பேச்சின் பகுதிகளே என்பது அதன் உட்கிடை. 1984இல் ஆலன் பெல் என்னும் மொழியியலாளர் 'கேட்போருக்கேற்ற வடிவமைப்பு' என்ற கோட்பாட்டை விளக்கியபோது கேட்போரை நான்காகப் பகுத்தார்: நேரே விளிக்கப்படுபவர், அவையில் உடனிருப்பவர், அருகில் நின்று காதில் வாங்குபவர், ஒளிந்து கேட்பவர். பேசுபவரின் நடை முதலில் விளிக்கப்படுபவருக்காகவும், பின் குறைந்துகொண்டே போகும் அளவில் மற்றவர்களுக்காகவும் வளைகிறது என்றார். சமூக ஊடகத்தில் இந்த நால்வரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். எவர் முன்னே, எவர் பின்னே என்பதை அந்தந்தக் களனே தீர்மானிக்கிறது.

2021 ஆகஸ்டில் அன்றைய பிரித்தானியத் தூதர் அலெக்ஸ் எல்லிஸ் பெங்களூருவில் மைசூர் மசாலா தோசையைக் கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணும் காட்சியை ட்விட்டரில் பகிர்ந்தார். கையால் உண்ணுமாறு மறுமொழிகள் குவிந்தன. அடுத்து அவர் கையாலேயே உண்டு, அதுவே சுவை என்று ஒப்புக்கொண்டார். கன்னடத்திலும் இந்தியிலும் ஓரிரு சொற்களைச் சேர்த்தார். 2023 பிப்ரவரியில் தென்கொரியத் தூதரகத்தினர் 'நாட்டு நாட்டு' பாடலுக்கு ஆடிய காணொளிக்குப் பிரதமரே பாராட்டு எழுதினார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டி தில்லியின் தமிழ்நாடு இல்லத்தில் வாழையிலைச் சாப்பாடு உண்டு, 'வணக்கம்' என்ற சொல்லோடு தொடங்கி ஆங்கிலத்தில் பதிவிட்டார்.

ட்விட்டரைவிட யூடியூபும் முகநூலும் இந்தியாவில் பன்மடங்கு மிகுதியான மக்களைக் கொண்டவை. ஆயினும் இக்காட்சிகள் செய்தியானதற்கு ட்விட்டரே வாயிலாயிற்று. காரணம் கேட்போரின் தொகையில் இல்லை, வகையில் இருக்கிறது. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2010லேயே அங்கு வந்துவிட்டது. 2014 முதல் 2019 வரை அமைச்சராயிருந்த சுஷ்மா சுவராஜ், அயல்நாட்டில் சிக்கிய குடிமக்களுக்கு அங்கேயே விடையளித்து அதை ஒரு முறையீட்டு மன்றமாகவே ஆக்கியிருந்தார். அமைச்சர்களும் செய்தியாளர்களும் கூடும் களன் அது. அங்கு உண்ட தோசை மறுநாள் நாளிதழில் வரும். ஒரு தமிழ்ச் சொல்லும் மீதி ஆங்கிலமுமாக அமைந்த அந்தப் பதிவின் விளிக்கப்படுபவர், தமிழ் மட்டும் அறிந்த உழவரோ நெசவாளரோ அல்லர். ஆங்கிலம் அறிந்த தமிழர். தமிழ், அங்கே செய்தியைச் சுமக்கும் மொழியாக இல்லாமல் மரியாதையின் அடையாளமாக நின்றது. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. களனைத் தேர்ந்த கணத்திலேயே மொழியும் தேர்ந்தாயிற்று என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கேட்போர் எப்போதும் சொல்வதை மட்டுமே கேட்டுப் போவதும் இல்லை. 2024 பிப்ரவரியில் பெய்ஜிங்கின் அமெரிக்கத் தூதரகம் வெய்போவில் ஒட்டகச்சிவிங்கிகளைக் காப்பது பற்றி ஒரு பதிவிட்டது. பங்குச்சந்தை வீழ்ச்சியில் பணம் இழந்த சீனர்கள் பல்லாயிரக்கணக்கில் அதன் கீழே வந்து தம் துயரைக் கொட்டினர். தம் நாட்டில் குறை சொல்ல இடமற்றவர்களுக்கு ஒட்டகச்சிவிங்கியின் நிழல் கிடைத்தது. தூதரகம் அந்த அவையை அழைக்கவில்லை; களன் அழைத்து வந்தது.

இடம் பிறருடையது என்பதன் முழுப் பொருளும் 2020 ஜூனில் வெளிப்பட்டது. கல்வான் மோதலுக்குப் பின் பிரதமரின் உரையையும் வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கையையும் பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் வீசாட்டில் வெளியிட்டது. அவை அங்கிருந்து அகற்றப்பட்டன. அம்மாத 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக், வீசாட், வெய்போ உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. 2015 மே மாதம், சீனப் பயணத்தையொட்டிப் பிரதமர் தொடங்கிய வெய்போ கணக்கு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பின்தொடர்வோருடன் அடுத்த சில நாள்களில் வெறுமையாயிற்று. மறுபுறம், சாணக்யபுரியின் சீனத் தூதரகம் ட்விட்டரில் எழுதிவருகிறது. 2009 முதல் சீனாவில் முடக்கப்பட்டிருக்கும் தளம் அது. தன் குடிமக்கள் திறக்க இயலாத அவையில் ஓர் அரசு பிற நாட்டினரிடம் பேசுகிறது.

அரசுகளுக்கு இந்த இழப்பு பொறுக்கக்கூடியது. அவற்றுக்குக் கட்டடமும் கொடியும் கருவூலமும் உண்டு. அதே 29ஆம் நாளின் ஆணை தமிழ்நாட்டின் சிற்றூர்களில் விழுந்த விதம் வேறு. டிக்டாக்கில் நடித்தும் பாடியும், சமைத்தும், சேலை காட்டியும் பெயர் பெற்றவர்கள் பலர். ஆங்கிலம் தேவைப்படாத களன் அது. பேச்சுத்தமிழே போதும், வட்டார வழக்கே வலிமை. அவர்களது கேட்போர் ஓரிரவில் கலைந்தனர். பின்தொடர்ந்தவர்கள் யார், எவ்வூரார் என்ற பட்டியல்கூட அவர்கள் கையில் இல்லை. சிலர் இன்ஸ்டகிராம் ரீல்ஸுக்கும் யூடியூபுக்கும் பெயர்ந்து மீண்டும் முதல் படியிலிருந்து ஏறினர். எல்லோராலும் அது இயலவில்லை. அந்த அவையின் நடை அவர்களுக்கு இயல்பாயிருந்தது. புதிய அவை வேறு நடையைக் கேட்டது.

ஆகவே எந்தத் தளம் என்ற வினாவுக்குள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. பேச விரும்பும் மனிதர் அங்கே இருக்கிறாரா? தன் இயல்பான மொழியில் அவரோடு அங்கே பேச முடியுமா? அத்தளம் நாளை மூடினால் அவரைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியுண்டா? முதல் வினாவைச் சந்தை கேட்கிறது. இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. மூன்றாவதைப் பெரும்பாலும் இழந்தபின்னரே கேட்கிறார்கள். காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்பவரானாலும் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்பவரானாலும், வாங்கியவரின் தொலைபேசி எண்ணைத் தனியே ஒரு நோட்டில் குறித்து வைப்பது பழங்காலத்து வழக்கமாகத் தோன்றலாம். இடம் மாறும் நாளில் உடன் எடுத்துச்செல்ல முடிவது அந்த நோட்டு ஒன்றுதான்.

வீசாட் அகற்றிய அறிக்கை வெளியுறவு அமைச்சகத்தின் சொந்த இணையதளத்தில் இருந்தது. அங்கே வந்து படிப்போர் குறைவுதான். ஆயினும் அதை எடுத்துவிட அயலார் எவராலும் இயலவில்லை.