முதுகில் கத்தி வைக்கலாமா?

"முதுகிலே கத்தி வச்சா அப்புறம் படுத்த படுக்கைதான்!" டிஸ்க் ஆபரேஷன் என்றதும் என் மாமியார் முதல் எதிர்வீட்டு மாமி வரை சொன்னது இதைத்தான். ஆபரேஷன் முடிந்து இன்று வீட்டு வேலை அத்தனையும் நானே பார்க்கிறேன். அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அதன் உறை கிழிந்து, உள்ளேயிருக்கும் ஜெல்லி பிதுங்கி நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுக்கும். பெரும்பாலோருக்கு மாத்திரை, உடற்பயிற்சியிலேயே 6 முதல் 12 வாரங்களில் குறைந்துவிடுமாம்.

எனக்கோ வலியோடு வலது பாதமும் பலமிழந்தது. செருப்பு நழுவுவதுகூடத் தெரியாது. குதிகாலால் நடக்கச் சொன்னார் டாக்டர். முன்பாதம் தூக்கவே இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு, "வலி குறையக் காத்திருக்கலாம்மா, பலம் குறையும்போது காத்திருக்கக் கூடாது" என்றார்.

ஆபரேஷனில் பல வகை உண்டு. மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து, ஒரு அங்குல அளவு கீறி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது ஒன்று. எண்டோஸ்கோப் குழாய் விட்டு, இன்னும் சின்னத் துளை வழியே எடுப்பது மற்றொன்று. ஸ்க்ரூ, கம்பி வைத்து எலும்புகளை இணைப்பது பெரிய ஆபரேஷன். எலும்பு நழுவியிருந்தால் அது தேவைப்படலாம். முதல் தடவை டிஸ்க் பிதுங்கியவர்களுக்குச் சாதாரணமாக அது வேண்டியதில்லை.

எனக்கு முதல் வகைதான். மறுநாளே நடக்க வைத்தார்கள். கால் வலி போயிற்று. பாதத்துக்குப் பலம் வர நாலு மாதம் ஆச்சு. முதுகு வலி மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். "இது கால் வலிக்கான ஆபரேஷன், முதுகு வலிக்கில்லை" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் ஏமாற்றமில்லை. நூற்றில் 5 முதல் 10 பேருக்கு மறுபடி பிதுங்கலாமாம். அதனால் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்குவதில்லை; முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத்தான் தூக்குகிறேன்.

சகோதரிகளே, ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தன்னையறியாமல் சிறுநீர், மலம் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றபடி அவசரம் வேண்டாம். "எந்த ஆபரேஷன், எனக்கு அது ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும்?" இந்த மூன்றையும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.